போலந்தில் நவம்பர் 1: கல்லறைத் தோட்டத்தை வேடிக்கை பார்க்கப் போகலாமா?

கேள்வி, 2023 அக்டோபர் 22
மாதக் கடைசியில் மனைவியுடன் கிராகோ நகருக்கு வருகிறேன், நவம்பர் 4 வரை இருப்போம். நவம்பர் 1 இரவு அங்குள்ள கல்லறைகள் முழுவதும் விளக்கு ஏற்றுவார்கள், நம் தீபாவளி போல இருக்கும் என்று நண்பர் சொன்னார். வெளியாட்கள் உள்ளே போகலாமா? படம் எடுக்கலாமா? எத்தனை மணிக்குப் போவது?

2023 அக்டோபர் 22, இரவு
போகலாம். வாசலில் யாரும் தடுக்கமாட்டார்கள், டிக்கெட்டும் கிடையாது. அந்த வாரத்தில் இங்கே மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். ஐந்து மணிக்கு ரகொவிட்ஸ்கி கல்லறைத் தோட்டத்து வாசலில் இருங்கள், டிராம் அதுவரை போகும். தூரத்திலிருந்து மரங்களும் வெளிச்சமும் தெரியும்படி எடுத்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கல்லறை முன் நிற்பவரின் முகத்தையும் புதுக் கல்லில் இருக்கும் பெயரையும் எடுக்காதீர்கள்.

தீபாவளி என்ற சொல்லை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

2023 அக்டோபர் 23
நேற்று எழுதிய கடைசி வரி கடுமையாக இருந்தது என்கிறார்கள். சரி, காரணத்தைச் சொல்கிறேன்.

அன்று இரவு நீங்கள் காணப்போகும் வெளிச்சம் ஒரு வேலையின் கடைசிப் பகுதி. அந்த வேலை இரண்டு வாரம் முன்பே தொடங்கிவிடுகிறது. வாளி, பிரஷ், சோப்புத்தூள், துடைப்பம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு டிராமில் ஏறும் வயதானவர்களை அக்டோபர் நடுவிலிருந்தே பார்க்கலாம். கல்லைத் தேய்க்கிறார்கள், பாசியைச் சுரண்டுகிறார்கள், இலைகளை வாரிக் கொட்டுகிறார்கள். கம்யூனிஸ்ட் காலத்துக் கல்லறைகள் பலவும் நம் ஊர் மொசைக் தரை போன்ற கல்லால் ஆனவை. அதன் நுண்துளைகளில் பாசி ஏறிவிட்டால் பல் விளக்கும் பிரஷ்தான் வழி. முழங்கால் வலியோடு குனிந்து அதைச் செய்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிறகுதான் விளக்கு.

எனக்கு இது முற்றிலும் புதிதல்ல. தூத்துக்குடிக்குத் தெற்கே, மணப்பாட்டுப் பக்கம் எங்கள் ஊர். கல்லறைத் திருநாள் நவம்பர் 2. முந்தின வாரமே கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடிப்போம். அன்று மாலை மாலையும் மெழுகுவர்த்தியும் ஊதுபத்தியுமாகக் குடும்பம் குடும்பமாகப் போவோம், சாமியார் ஒவ்வொரு வரிசையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டே வருவார். கடற்காற்றில் மெழுகுவர்த்தி நிற்காது. ஏற்றுவது, அணைவது, மறுபடி ஏற்றுவது. ஆச்சி முந்தானையை விரித்துக் காற்றை மறைத்துக்கொண்டு நிற்பாள். மழைக்காலம் வேறு.

இங்கே அந்தக் கவலையே இல்லை. ஸ்நிச் என்று ஒரு விளக்கு. கண்ணாடிக் கூடு, மேலே தகரத்தில் துளையிட்ட மூடி, உள்ளே மெழுகு. காற்றோ மழையோ அசைக்காது, பெரியது ஓரிரு நாள்கூட எரியும். முதன்முதலாகக் கையில் வாங்கியபோது, இதை ஆச்சிக்குக் காட்டாமல் போனேனே என்றுதான் நினைத்தேன்.

2023 அக்டோபர் 23, மாலை
ஒரு திருத்தம். நான் "நவம்பர் 1, 2" என்று கலந்து பேசுகிறேன், இரண்டும் வேறு. நவம்பர் 1 எல்லாப் புனிதர்களின் பெருவிழா, இங்கே அரசு விடுமுறை. நவம்பர் 2தான் இறந்தோர் நாள், போலந்து மொழியில் ஸதுஷ்கி, விடுமுறை கிடையாது. அதனால் மக்கள் திரள்வது முதல் நாள். கம்யூனிஸ்ட் காலத்தில் இதை "இறந்தோர் விழா" என்று பொதுப்படையாக்கினார்கள். வயதானவர்களில் சிலர் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

இது எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், 2019இல் வந்த புதிதில் நம் ஊர்க் கணக்கை வைத்துக்கொண்டு நவம்பர் 2 இரவு ஒரு ஸ்நிச்சோடு தனியாகப் போனேன். கூட்டம் முந்தின நாளே வந்து போய்விட்டது. ஆனால் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஆளில்லாத பாதைகளில் இரண்டு பக்கமும் சிவப்பும் மஞ்சளுமாக ஆயிரக்கணக்கான சுடர்கள், மெழுகு உருகும் மணம், நனைந்த இலைகளின் மணம். சிறு பாதையில் நடந்தால் விளக்குகளின் வெப்பம் முகத்தில் படுகிறது. அதை ஏமாற்றம் என்று சொல்லமாட்டேன். முடிந்தால் இரண்டாம் நாளும் போங்கள்.

2023 அக்டோபர் 25
செவ்வந்தி பற்றிக் கேட்டிருக்கிறார்கள். கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும்.

எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டில் ஓர் அம்மா இருக்கிறார், எண்பதை நெருங்குகிறவர். நான் அவரை "பானி" என்பேன், அவர் என்னை "பான்" என்பார், நம் அம்மா, ஐயா போல. பாதி வயதுகூட ஆகாத என்னிடம் இன்றுவரை அந்த மரியாதையைக் குறைத்ததில்லை. 2020இல் கொரோனா வந்து எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்ட மாதங்களில் நான் அவருக்குக் காய்கறியும் மாத்திரையும் வாங்கி வைப்பேன், அவர் என் வாசலில் சூப் வைப்பார். அக்டோபரில் சந்தையில் தொட்டி தொட்டியாகச் செவ்வந்தி வந்து இறங்கியது. நம் கண்ணுக்கு அது சாமிக்குச் சாத்தும் பூ, கல்யாண வீட்டுப் பூ. மஞ்சளில் ஒரு பெரிய தொட்டியை வாங்கிக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன்.

வாங்கிக்கொண்டார். நன்றி சொன்னார். தொட்டி வீட்டுக்குள் போகவில்லை, படிக்கட்டு ஜன்னலில் உட்கார்ந்துவிட்டது. ஒரு வாரம் அங்கேயே இருந்தது. இங்கே செவ்வந்தி கல்லறைக்கு உரிய பூ, உயிரோடு இருப்பவருக்குக் கொடுப்பதில்லை என்று பிறகு அலுவலகத்தில் ஒருவர் சொன்னபோது எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. எண்பது வயதை நெருங்கும் ஒருவரிடம் போய்!

அக்டோபர் 30, வெள்ளிக்கிழமை. பிற்பகலில் பிரதமர் அறிவித்தார்: தொற்று காரணமாக நாளை முதல் மூன்று நாள் நாட்டின் எல்லாக் கல்லறைத் தோட்டங்களும் மூடப்படும். வெறும் சில மணி நேர அவகாசம். விற்க வைத்திருந்த பூவோடு வியாபாரிகள் நடுத்தெருவில் நின்றார்கள், பிறகு அந்தப் பூக்களை அரசே வாங்கிக்கொள்வதாகச் சொல்ல வேண்டிவந்தது. அன்று மாலை கீழ்வீட்டு அம்மா என் கதவைத் தட்டினார். ஒரு கையில் டார்ச் விளக்கு, இன்னொரு கையில் துணிப்பை. ஜன்னலைக் காட்டி, "உங்கள் செவ்வந்தியை எடுத்துக்கொள்ளுங்கள், என் கணவரிடம் போகிறோம்" என்றார்.

நகரமே கிளம்பிவிட்டது. முகக்கவசத்தோடு, குழந்தைகளோடு, மழைக்கோட்டோடு. வழக்கமாக இரண்டு வாரம் பிடிக்கும் வேலையை ஒரு மாலையில் முடித்தார்கள். நான் இலைகளை வாரினேன், அவர் கல்லைத் துடைத்தார். தொட்டியை வைத்துவிட்டு ஒரு தடவை திருப்பி, பூ அதிகமாக உள்ள பக்கம் பாதையைப் பார்க்கும்படி வைத்தார். பிறகு ஜெபம் சொன்னார். அப்போது எனக்குப் போலந்து மொழி பாதிகூடத் தெரியாது. ஆனால் ஏற்ற இறக்கத்திலேயே புரிந்துவிட்டது: "நித்திய இளைப்பாற்றியை அவருக்கு அளித்தருளும் ஆண்டவரே, முடிவில்லாத ஒளி அவர்மேல் ஒளிர்வதாக." அவர் முடிக்க, நான் தமிழில் "ஆமென்" வரை சொன்னேன். திரும்பிப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. டார்ச்சை என்னிடம் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தார்.

அடுத்த நாள் பூட்டிய வாசல்களின் முன்னால் மக்கள் விளக்கு வைத்துவிட்டுப் போனார்கள். அந்த மூடலைப் பற்றி எனக்கு இன்னும் கோபம் உண்டு. நோய்க்குப் பயந்தது சரி. அதை முந்தின வாரமே சொல்லியிருக்கலாம்.

2023 அக்டோபர் 26
மேலே எழுதியதைப் பார்த்து, செவ்வந்தியை யாருக்கும் தரவே கூடாதா என்று கேட்கிறார்கள். பொதுவாக வேண்டாம். வேறு பூக்களைக் கொத்தாகக் கொடுத்தால் எண்ணிக்கையைப் பாருங்கள்: உயிரோடு இருப்பவருக்கு ஒற்றைப்படை, இறந்தவருக்கு இரட்டைப்படை. தொட்டியில் இருக்கும் செவ்வந்தியை யாரும் எண்ணுவதில்லை. கீழ்வீட்டு அம்மாவிடம் கேட்டதற்கு, "அதை எண்ண ஆரம்பித்தால் விடிந்துவிடும்" என்று சிரித்தார்.

2023 அக்டோபர் 27
இதுதான் முக்கியமான கேள்வி என்று எனக்குப் படுகிறது: "அங்கே எங்களுக்கு யாரும் இல்லை, யாருக்கு விளக்கு வைப்பது?"

பெரும்பாலான கல்லறைத் தோட்டங்களில் நடுவில் பெரிய சிலுவை ஒன்று இருக்கும். அதன் அடியில் கூட்டம் கூட்டமாக விளக்குகள் எரியும். தம் மனிதர்களின் கல்லறை தூரத்தில் இருப்பவர்களும், எங்கே என்றே தெரியாதவர்களும் அங்கே வைக்கிறார்கள். இந்த நாட்டில் அப்படிப்பட்டவர்கள் ஏராளம். 1945க்குப் பிறகு எல்லையே மேற்கே நகர்ந்தது. ல்வூஃப் நகரம், இன்றைய உக்ரைனின் ல்விவ், போலந்துக்கு வெளியே போய்விட்டது. அங்கிருந்த போலந்துக்காரர்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறினார்கள், இறந்தவர்களை உடன் கொண்டுவர முடியுமா? கீழ்வீட்டு அம்மா கைக்குழந்தையாக வந்தவர். அவருடைய தாத்தா பாட்டி அங்கே லிச்சகூஃப் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். கணவருக்கு ஒன்று, சிலுவையடியில் இரண்டு என்று எண்ணித்தான் விளக்கு வாங்குவார். போரில் காணாமல் போனவர்கள், முகாம்களில் சாம்பலானவர்கள், சைபீரியாவுக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் எல்லாருக்கும் அந்தச் சிலுவையடிதான் இடம்.

2021இலிருந்து நானும் ஆச்சிக்கு அங்கேதான் வைக்கிறேன். நீங்கள் கிறிஸ்தவர் அல்ல என்றால் தயங்க வேண்டாம். உங்கள் தென்புலத்தாரை நினைத்து ஒன்று வைத்தால் யாரும் விசாரிக்கமாட்டார்கள்.

இருட்டாகக் கிடக்கும் கல்லறை கண்ணில் பட்டால் அங்கேயும் ஒன்று வையுங்கள். இங்குள்ளவர்களும் அப்படிச் செய்கிறார்கள். பெயர் தேய்ந்த கல், போர்வீரனின் சிறு சிலுவை, குழந்தைகளின் வரிசை என்று தேடிப்போய் வைக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளையும் அப்படிக் கூட்டிவருகிறார்கள்.

2023 அக்டோபர் 27, இரவு
எழுதியதை மறுபடி படித்தேன், ஒன்று உறுத்துகிறது. "இருட்டாகக் கிடக்கும் கல்லறை" என்று நான் சொன்னதால், ஆளில்லாதவை எல்லாம் கைவிடப்பட்டவை என்று நினைத்துவிடாதீர்கள். மகள் அடுத்த பஸ்ஸில் வந்துகொண்டிருக்கலாம். ஒரு தடவை நான் விளக்கு வைத்துவிட்டு எழும்போது அந்தக் குடும்பமே பின்னால் நின்றது. தவறு செய்துவிட்டோமோ என்று விலகினேன். அந்தப் பெரியவர் என் விளக்கை நகர்த்தாமல், தம்முடையதை அதன் பக்கத்தில் வைத்தார். ஆனாலும் எட்டு மணிக்கு மேல் கூட்டம் கலைந்த பிறகு செய்வது நல்லது.

2023 அக்டோபர் 28
பயணம் பற்றி. நவம்பர் 1 அன்று கடைகள் சட்டப்படி மூடியிருக்கும், சாப்பாட்டை முந்தின நாளே வாங்கி வையுங்கள். விளக்கும் பூவும் கல்லறை வாசலில் கிடைக்கும். கார் வேண்டாம். பல தெருக்களை அடைத்துவிடுவார்கள், நகராட்சி கூடுதல் பஸ் விடும். போலீஸார் அந்த நாட்களில் நாடு முழுவதும் நடத்தும் சாலைக் கண்காணிப்புக்குப் பெயரே "ஸ்நிச் நடவடிக்கை".

ரகொவிட்ஸ்கி வாசலில் "துருக்கித் தேன்" என்று ஒரு மிட்டாய் விற்பார்கள். காய்ச்சிய சர்க்கரைப் பாகில் கொட்டைப் பருப்பு போட்டு உறைய வைத்தது, நம் கடலை மிட்டாய்க்குத் தூரத்துச் சொந்தம். வார்சாவில் இதன் இடத்தில் பான்ஸ்கா ஸ்குர்கா, இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகக் காகிதத்தில் சுற்றிய இழுவை மிட்டாய். கல்லறையில் மிட்டாயா என்று முகம் சுளிக்காதீர்கள். குழந்தைகள் அழுத முகத்தோடு வரும் நாள் அல்ல இது. தாத்தாவைப் பார்க்கப் போகும் நாள், வாசலில் மிட்டாய் கிடைக்கும் நாள்.

2023 அக்டோபர் 29
ஹாலோவீன் பற்றிக் கேட்டவருக்கு: இங்கே இளைஞர்கள் கொண்டாடுகிறார்கள், பெரியவர்களில் பலருக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

அதைவிடப் பழைய வழக்கம் ஒன்று உண்டு. கிழக்குப் பகுதிகளிலும் லித்துவேனியா, பெலாரஸ் பக்கமும் முன்னோரின் ஆவிகளை அழைத்துச் சோறு வைத்தார்கள். அந்தச் சடங்கின் பெயர் "ஜியாடி". பாட்டன்மார் என்று பொருள். பிச்சைக்காரர்களுக்கும் அதே சொல்தான். அந்த நாளில் கோயில் வாசலில் இருக்கும் ஏழைகளுக்கு ரொட்டி கொடுத்து, இறந்தவரின் பெயரைச் சொல்லி ஜெபிக்கச் சொல்வார்கள். திதிக்குக் காக்கைக்குச் சோறு வைக்கும் ஊரிலிருந்து வந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2023 அக்டோபர் 30
இன்னொரு திருத்தம், இது பெரியது. இங்கே கல்லறை தலைமுறை தலைமுறைக்கும் நிலைக்கும் என்று முன்பு வேறோர் இடத்தில் எழுதியிருந்தேன். அப்படி இல்லை. 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒருவரை மட்டும் அடக்கம் செய்த மண் கல்லறையை 20 ஆண்டுகளுக்குப் பிறகு வேறொருவருக்குப் பயன்படுத்தலாம். யாராவது கட்டணம் கட்டிப் புதுப்பித்தால் இன்னும் 20 ஆண்டு. கட்டி எழுப்பிய கல்லறைகளுக்கு இந்தக் கணக்கு வேறு. ஆக, அந்தப் பிரஷும் வாளியும் பாசத்தோடு முடிவதில்லை. "இந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது" என்று சொல்லும் அடையாளமும் அதுவே.

பழைய, கலைநயமான கல்லறைகளுக்கு என்ன வழி? 1790இல் தொடங்கிய வார்சாவின் பொவோன்ஸ்கி கல்லறைத் தோட்டத்தில் நவம்பர் 1 அன்று நடிகர்களும் எழுத்தாளர்களும் தகர உண்டியலோடு பாதையோரம் நின்று சீரமைப்புக்குப் பணம் திரட்டுகிறார்கள். இசை விமர்சகர் யெஷி வால்டோர்ஃப் முயற்சியில் 1975இல் தொடங்கிய வழக்கம். தொலைக்காட்சியில் பார்த்த முகம் குளிரில் மூக்கு சிவக்க உண்டியலைக் குலுக்கும்போது யாருக்கும் கடந்துபோக மனம் வராது. ரகொவிட்ஸ்கியிலும் திரட்டுகிறார்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

ரகொவிட்ஸ்கி 1803இல் திறந்தது. ஓவியர் மத்தேய்கோ, நோபல் பெற்ற கவிஞர் ஷிம்போர்ஸ்கா ஆகியோர் அங்கே இருக்கிறார்கள். அதன் இராணுவப் பகுதியில் போப்பாண்டவர் இரண்டாம் யோவான் பவுலின் பெற்றோர். அந்தக் கல்லறை விளக்கில் மூழ்கிக் கிடக்கும். பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், அங்கே இன்னொரு விளக்கு வைக்க இடம் இருக்காது.

2023 நவம்பர் 1, இரவு 10 மணி
இப்போதுதான் வந்தோம். கால் விறைத்துவிட்டது. பானிக்கு மூச்சு வாங்கியது, மூன்று தடவை பெஞ்சில் உட்கார்ந்தோம். சிலுவையடியில் இந்த ஆண்டு உக்ரைன் மொழி அதிகம் காதில் விழுந்தது. கையில் விளக்கோடு ஓர் இளம்பெண் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள், பானி தம் இரண்டு விளக்குகளையும் நெருக்கி வைத்து அவளுக்கு இடம் செய்தார்.

2023 நவம்பர் 5
கேள்வி கேட்டவர் ஊர் திரும்பி எழுதியிருக்கிறார். படம் ஒன்றுகூட எடுக்கவில்லையாம். அவர் மனைவி தம் அம்மாவை நினைத்துச் சிலுவையடியில் வெகுநேரம் நின்றாராம், யாரோ ஒரு பாட்டி பையிலிருந்து தீப்பெட்டி எடுத்துக் கொடுத்தாராம். சந்தோஷம்.

பிளாஸ்டிக் குப்பை பற்றி அவர் கேட்டது நியாயம். திருநாள் முடிந்ததும் கண்ணாடியும் பிளாஸ்டிக்குமாக விளக்குக் கூடுகள் மலைபோல் குவிகின்றன. சில ஊர்களில் இப்போது வாசலில் அலமாரி வைத்திருக்கிறார்கள். உருப்படியான பழைய கூட்டை அங்கே விட்டுவிடலாம், வேண்டியவர் எடுத்து உள்ளே புது மெழுகு மட்டும் வைத்துக்கொள்ளலாம். கீழ்வீட்டு அம்மா அலமாரி வருவதற்கு முன்பிருந்தே கூடுகளைக் கழுவி வைத்துக்கொள்பவர்.

விட்டுப்போன ஒன்று: விபொமின்கி. இறந்தவர்களின் பெயர்களைத் தாளில் எழுதிப் பங்குக் கோயிலில் கொடுத்தால், நவம்பர் மாத ஜெபத்தில் உரக்க வாசிப்பார்கள். சென்ற வாரம் ஆச்சியின் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். நீளமான போலந்துப் பெயர்களை ஆற்றொழுக்காக வாசித்துவந்த சாமியார் அந்த இடத்தில் நின்றார். ஒரு தடவை முயன்றார், பிசகியது. மறுபடி முயன்றார். மூன்றாம் முறை எழுத்து எழுத்தாக முழுப் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார். ஆச்சி தன் பெயரை யாராவது சுருக்கினால் விடமாட்டாள்.

2024 நவம்பர் 2
ஒரு வருடம் கழித்து இங்கே எழுதுகிறேன். பானிக்கு முழங்கால் அறுவை நடந்திருக்கிறது, படி இறங்க முடியாது. இந்த முறை நான் மட்டும் போனேன். செவ்வந்தித் தொட்டியை வைத்துவிட்டுக் கைபேசியில் படம் அனுப்பினேன். உடனே அழைத்தார்: "பூ இருக்கும் பக்கத்தைப் பாதைக்குத் திருப்புங்கள்."

அவர் கணவருக்கு அடுத்த கல்லறையில் ஒரு தாளை ஒட்டியிருக்கிறார்கள், "நிர்வாக அலுவலகத்தைத் தொடர்புகொள்ளவும்" என்று. கட்டணத் தவணை முடிந்தவற்றில் ஒட்டுவது. அங்கே விளக்கும் இல்லை, பூவும் இல்லை. ஒன்று வைத்தேன், தாளைப் பற்றியும் பானியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அவருக்கு ஒரு மகன் உண்டு. வ்ரோட்ஸ்வாஃப் ஊரிலிருந்து வருவான், பெயர் நினைவில்லை. திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் பேசுகிறேன், கல்லில் இருக்கும் குடும்பப் பெயரைச் சொல்லுங்கள்" என்றார்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். முதல் இரண்டு எழுத்துகள் தெரிந்தன, மீதியைப் பாசி மூடியிருந்தது. நகத்தால் சுரண்டியும் வரவில்லை. நாளை காலை பிரஷும் வாளியும் கொண்டுபோகிறேன்.